ஏவுதலும் மீட்டலும்: தெய்வப்படைகளை அணுகுண்டாக்கும் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

இராமாயணத்திலும் மகாபாரதத்திலும் வரும் பிரம்மாஸ்திரம், பாசுபதம், நாராயணாஸ்திரம் முதலிய தெய்வப்படைகள் பண்டைக் காலத்து அணுஆயுதங்களே என்றும், அவற்றை ஆக்கிய தொழில்நுட்பம் இடையில் மறைந்துபோயிற்று என்றும் கூறும் கருத்து, இன்று மேடைப் பேச்சிலும் ஆன்மிக எழுத்திலும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியைப் போலவே வழங்கி வருகிறது. இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கருத்தும் உண்டு. தர்மம் என்பது ஒருவகைக் கவசம் என்றும், அதை அணிந்தவன் ஏவும் படை தவறாது பலிக்கும், அவன்மேல் ஏவப்படும் படை பலியாது என்றும் அது சொல்கிறது. இரண்டும் காப்பியங்களுக்குப் பெருமை சேர்ப்பனபோலத் தோன்றினாலும், இரண்டுமே அவற்றின் மூலபாடத்தைப் பொறுமையாகப் படிப்பவர்முன் நிற்கமாட்டாதவை. படை எவ்வளவு அழிக்கும் என்னும் கேள்வியைவிட, ஏவிய படையைத் திரும்ப அழைக்கும் தகுதி யாருக்கு உண்டு என்னும் கேள்வியே காப்பியங்களை அலைக்கழித்தது என்பதும், தர்மத்தின் காவல் என்று அவை சொல்வது இந்தத் தகுதியையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அணுஆயுதக் கட்சியார் காட்டும் சான்றுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1960களிலும் 1970களிலும் மேலைநாட்டு விந்தை நூல்கள் வழியாகப் பரவி, இன்று தமிழிலும் நிலைத்துவிட்ட ‘மகாபாரத மேற்கோள்’ ஒன்று உண்டு. இரும்பாலான அறியப்படாத ஆயுதம் ஒன்று ஓர் இனத்தையே சாம்பலாக்கியது, பிணங்களின் முடியும் நகமும் உதிர்ந்தன, மட்கலங்கள் காரணமின்றி உடைந்தன, பறவைகள் வெளுத்துப்போயின, உணவு நஞ்சாயிற்று என்று அது கதிரியக்கத்தின் விளைவுகளை வரிசையாகச் சொல்வதாகக் காட்டப்படுகிறது. இதன் மூலம் பாரதத்தின் 16-ஆம் பர்வமாகிய மௌசல பர்வத்தில் இருக்கிறது. குருக்ஷேத்திரப் போர் முடிந்து 36-ஆம் ஆண்டில் துவாரகையில் நடந்ததாக வரும் பகுதி அது. கர்ப்பிணி வேடமிட்ட சாம்பனை முன்னிறுத்தி யாதவ இளைஞர் முனிவர்களைக் கேலி செய்ய, அவர்களுடைய சாபத்தால் பிறந்த இரும்பு உலக்கை பொடியாக்கப்பட்டுக் கடலில் எறியப்படுகிறது. அதன் பிறகு நகரத்தில் தீநிமித்தங்கள், அதாவது வரப்போகும் கேட்டை முன்னறிவிக்கும் அடையாளங்கள், தோன்றுகின்றன. அங்கே முடியும் நகமும் உதிரவில்லை. இரவில் உறங்குவோரின் முடியையும் நகத்தையும் எலிகள் கடித்துத் தின்றன என்றுதான் மூலம் சொல்கிறது. பறவைகள் வெளுக்கவும் இல்லை. வெளிறிய உடலும் சிவந்த காலும் கொண்ட பறவைகள் காலனால் ஏவப்பட்டு வந்தன என்பதே செய்தி. உணவில் நஞ்சு ஏறவில்லை. தூய்மையாகச் சமைத்த சோற்றில் உண்ணும் வேளையில் புழுக்கள் தென்பட்டன. நாரை ஆந்தையைப் போலவும் ஆடு நரியைப் போலவும் கத்தியதாக அதே பட்டியல் தொடர்கிறது. இவற்றுக்குக் கதிரியக்க விளக்கம் தர யாரும் முன்வராததால், இவை அந்த ‘மேற்கோளில்’ இடம்பெறவில்லை. இறுதியில் அந்த இரும்பு வெடிக்கவும் இல்லை. பிரபாசத்தில் கள்ளுண்டு கைகலந்த யாதவர் பிடுங்கிய கோரைப்புல் உலக்கையாக மாற, அதனால் ஒருவரையொருவர் அடித்துக்கொன்றனர்.

அடுத்த சான்று பகவத்கீதை. 1945 ஜூலை 16 அன்று நியூமெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது கீதையின் ஒரு வரி தம் நினைவில் எழுந்ததாக ஓப்பன்ஹைமர் 1965-இல் ஒளிபரப்பான ஓர் ஆவணப்படத்தில் கூறினார். ஓர் அறிவியலாளர் தம் குற்றவுணர்வுக்குச் சொல் தேடிய நிகழ்ச்சி அது. கீதையில் குண்டு இருந்தது என்பதற்கான சாட்சியம் அதில் இல்லை. அவர் நினைத்த வரி 11-ஆம் அத்தியாயத்தின் 32-ஆம் சுலோகம். ஆயிரம் ஞாயிறுகளின் ஒளி பேசப்படுவது அதே அத்தியாயத்தின் 12-ஆம் சுலோகம். இரண்டும் விசுவரூபத்தைப் பற்றியவை. அங்கே எந்தப் படையும் ஏவப்படுவதில்லை, கீதை முடியும்வரை போரே தொடங்குவதில்லை. மொகஞ்சதாரோவின் எலும்புக்கூடுகளைக் காட்டும் வாதமும் இத்தகையதே. அவை ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல, ஒரே அழிவில் வீழ்ந்தவையும் அல்ல என்பதைத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964-லேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

இவற்றினும் வலுவுடையதாகத் தோன்றும் ஒரு சான்று உண்டு. பிரம்மசிரஸ் என்னும் படை இன்னொரு பெரும்படையால் தடுக்கப்படும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பெய்யாது என்று சௌப்திக பர்வம் சொல்கிறது. குண்டு விழுந்த மண்ணின் நெடுங்கால நஞ்சை இது குறிப்பதாகக் கொள்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாண்டு வறட்சி என்பது இந்திய மரபில் அறம் பிறழ்ந்ததற்கும் ஊழி மாறுவதற்கும் உரிய நிலையான அளவை. அண்ணனை முந்திச் சந்தனு முடிசூடியதால் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்த்ததாக யாஸ்கரின் நிருக்தம் கூறுகிறது. விசுவாமித்திரர் பசியால் நாயிறைச்சியைத் திருடத் துணிந்ததும் பன்னிரண்டாண்டு வறட்சியில்தான் என்று சாந்தி பர்வம் கூறுகிறது. பாண்டிய நாட்டை வாட்டிய பன்னீராண்டு வற்கடத்தோடு இறையனார் களவியல் உரை இலக்கண வரலாற்றைத் தொடங்குகிறது. பட்டத்து உரிமை தவறியதும் அணுகுண்டு விழுந்ததும் ஒரே அறிகுறியைத் தருமானால், அந்த அறிகுறி குண்டைப் பற்றிப் பேசவில்லை என்பதே முறையான முடிவு.

சான்றுகள் உதிர்ந்தாலும் ஒப்புமை நிற்கும் என்பார் உண்டு. அவர்களுக்கு விடை ‘அஸ்திரம்’ என்னும் சொல்லிலேயே இருக்கிறது. கையிலேந்திப் போரிடும் வாள், கதை போன்ற கருவியைச் சஸ்திரம் என்றும், எறிந்தோ எய்தோ விடுக்கப்படுவதை அஸ்திரம் என்றும் வடமொழி பொதுவாகப் பிரிக்கும். காப்பிய வழக்கில் அஸ்திரம் இன்னும் நுட்பப்பட்டு, ஒரு தெய்வத்துக்குரிய மந்திரத்தால் எழுப்பப்படும் ஆற்றல் என்னும் பொருளைப் பெற்றது. அந்த ஆற்றலைத் தாங்கும் பொருள் எதுவாகவும் இருக்கலாம். சீதையைத் துன்புறுத்திய காக்கைமீது இராமன் ஏவியது பாயிலிருந்து உருவிய ஒரு தருப்பைப்புல். பாண்டவரை வேரறுக்க அசுவத்தாமன் எடுத்ததும் ஒரு நாணற்கீற்றே. பாசுபதத்தை வழங்கும் சிவன், அதை மனத்தாலும் கண்ணாலும் சொல்லாலும் வில்லாலும் விடுக்கலாம் என்று அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். நான்கு வாயில்களில் வில் ஒன்று மட்டுமே கருவி.

இந்தப் படைகளின் நடத்தை இன்னும் தெளிவாகப் பேசும். பாலகாண்டத்தில் விசுவாமித்திரரிடமிருந்து இராமன் பெறும் படைகள் உருவெடுத்து வந்து கைகூப்பி நின்று பணி கேட்க, வேண்டும்போது வந்து உதவுமாறும் அதுவரை மனத்தில் தங்கியிருக்குமாறும் அவன் சொல்லி அனுப்புகிறான். சுந்தரகாண்டத்தில் இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்டு விழும் அனுமனை, நிலைமை அறியாத அரக்கர் மரப்பட்டைகளாலும் சணற்கயிற்றாலும் இறுக்கிக் கட்ட, அந்தக் கணமே அஸ்திரம் அவனை விட்டு நீங்குகிறது. அது வேறொரு கட்டோடு சேர்ந்திருக்கச் சம்மதிக்காது. வைணவ உரையாசிரியர் இதையே சரணாகதிக்கு உவமையாக எடுத்து, இறைவனைப் பற்றியவன் வேறு துணையையும் தேடினால் முதற்பற்றும் நழுவும் என்று விளக்கினர். நாராயணாஸ்திரத்தின் இயல்பு இதனினும் வியப்பானது. துரோணர் வீழ்ந்தபின் அசுவத்தாமன் அதை ஏவ, கண்ணன் எல்லாரையும் தேரிலிருந்து இறங்கி ஆயுதங்களைக் கீழே போடச் சொல்கிறான். மனத்தால் எதிர்த்தாலும் அது கொல்லும் என்று எச்சரிக்கிறான். பணிய மறுத்த வீமனைத் தீச்சுடர் சூழ, கண்ணனும் அர்ச்சுனனும் அவனைத் தேரிலிருந்து இழுத்துப் போட்டுக் காக்க வேண்டியதாயிற்று. எதிரே நிற்பவன் மனத்தில் பகை இருக்கிறதா என்று பார்த்துத் தணியும் படையை வெடிமருந்தின் கணக்கில் எப்படி அடக்குவது?

இனி வாதத்தின் மையத்துக்கு வரலாம். ஒவ்வோர் அஸ்திரத்துக்கும் இரு பாதிகள் உண்டு. ஏவுவதைப் பிரயோகம் என்றும், ஏவியதைத் திரும்ப வாங்குவதை உபசம்ஹாரம் அல்லது மீட்டல் என்றும் மரபு கூறும். விசுவாமித்திரர் படைகளைத் தந்து முடித்தவுடன், அவற்றை மீட்கும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்று இராமன் தானே கேட்டுப் பெறுகிறான். போருக்குப் புறப்பட்ட இளைஞன் ஒருவன் தனக்குக் கிடைத்த வலிமையின் அடுத்த பாதியைக் கேட்டு வாங்குவதாக வான்மீகி அமைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

இதன் மறுதலையைச் சௌப்திக பர்வம் காட்டுகிறது. தந்தைக்கு ஒரே மகனான அசுவத்தாமன், அர்ச்சுனனுக்குக் கற்பித்த பிரம்மசிரஸைத் தனக்கும் கற்பிக்குமாறு வற்புறுத்த, மகனின் நிலையாமனத்தை அறிந்த துரோணர் மகிழ்ச்சியின்றியே கற்பித்து, எவ்வளவு பெரிய ஆபத்திலும், குறிப்பாக மனிதர்மேல், இதை ஏவக்கூடாது என்று கட்டளையிட்டார். பின்னொரு நாள் அவன் துவாரகைக்கு வந்து, இந்தப் படையைத் தருகிறேன், உன் சக்கரத்தைத் தா என்று கண்ணனிடம் பண்டமாற்றுப் பேசினான். நீ எதுவும் தர வேண்டாம், தூக்க முடிந்தால் எடுத்துக்கொள் என்றான் கண்ணன். இடக்கையால் முயன்றும் வலக்கையால் முயன்றும் அசைக்க முடியாமல் களைத்து நின்றவனிடம், யாரோடு போரிட இதைக் கேட்டாய் என்று கண்ணன் வினவ, உன்னோடுதான் என்று விடை வந்தது. ஏவும் ஆசை மட்டுமே நிறைந்த ஒரு மனத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

அந்த மனமே இறுதியில் புல்லை எடுக்கிறது. உறங்கியவர்களை இரவில் கொன்றுவிட்டு ஓடி, கங்கைக்கரையில் வியாசர் அருகே அமர்ந்திருந்தவன், தேடிவந்த வீமனைக் கண்டு அஞ்சிப் பாண்டவர் அழிக என்று படையை விடுக்கிறான். எதிர்ப்படை ஏவும் அர்ச்சுனனோ, முதலில் ஆசான் மகனுக்கு நலம், பிறகு தனக்கும் தம்பி தமையனுக்கும் நலம் என்று வாழ்த்தி, படை படையால் தணிக என்று சொல்லி விடுக்கிறான். இரு தீக்கும் நடுவே வியாசரும் நாரதரும் வந்து நிற்க, அர்ச்சுனன் உடனே தன்னுடையதை மீட்டுக்கொள்கிறான். விரதம் காக்காதவன் இதை ஏவலாம், ஆனால் மீட்க முயன்றால் அது அவன் தலையையே அறுக்கும் என்று காப்பியம் அங்கே நிறுத்தி விளக்குகிறது. அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. திசையை மட்டும் மாற்றிப் பாண்டவ மகளிரின் கருவின்மேல் அதைச் செலுத்துகிறான். ஒரே படை, ஒரே ஆசான், ஒரே மந்திரம். வேறுபட்டது ஏந்தியவனின் ஒழுக்கம் மட்டுமே.

இதற்கு அணுஆயுதக் கட்சியார் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள்: மந்திரம் என்பது இன்றைய ஏவுகணைக்குரிய மறைகுறியீடு போன்றது, மீட்டல் என்பது பாதுகாப்புப் பொறி. ஆனால் மறைகுறியீடு யார் கையில் கிடைத்தாலும் வேலை செய்யும்; திருடியவனுக்கும் அது திறக்கும். அஸ்திரமோ பொய் சொல்லிப் பெற்றவனைக் கைவிடுகிறது. பிறப்பை மறைத்துப் பரசுராமரிடம் பிரம்மாஸ்திரம் கற்ற கர்ணனுக்கு, உயிர்போகும் வேளையில் அது நினைவுக்கு வராது என்பதே சாபம். பொய்யே பேசாதவனுக்குங்கூட அது நிலையான சொத்தாவதில்லை. கண்ணன் மறைந்தபின் துவாரகைப் பெண்களை அழைத்துச் செல்லும் அர்ச்சுனனைக் கழியேந்திய ஆபீரர் வழிமறிக்க, காண்டீவத்தை நாணேற்றவே அவன் திணறுகிறான். படைகளை நினைக்கிறான், அவை மனத்தில் எழவில்லை. பழுதானது எந்தக் கருவியும் அன்று. உரிய பணி முடிந்ததும் ஆற்றல் தந்தவரிடமே திரும்பிவிட்டது என்பதே வியாசர் அவனுக்குச் சொல்லும் ஆறுதல்.

இப்போது இரண்டாவது கருத்தையும் சோதிக்க வேண்டும்; தர்மம் கவசம் என்பவர்கள் காப்பியத்தின் இழப்புக் கணக்கைப் பார்க்க மறுக்கிறார்கள். பலர் சூழ்ந்து கொன்ற அபிமன்யுவையும், பாசறையில் உறங்கிய திரௌபதியின் மைந்தர் ஐவரையும் எந்தத் தர்மமும் ஆயுதத்திலிருந்து மறைக்கவில்லை. அதர்மத்தின் பக்கம் நின்ற இந்திரசித்தின் படை இராம இலக்குவரையே வீழ்த்துகிறது. நல்லவன்மேல் பாயாத ஆயுதம் என ஒன்று இரு காப்பியங்களிலும் இல்லை. ‘தர்மம் தலைகாக்கும்’ என்னும் பழமொழியைத் தனிமனிதக் காப்பீட்டுப் பத்திரமாகப் படிப்பவர், காப்பவனைக் காக்கும் தர்மம் என்னும் கருத்து மனுஸ்மிருதியின் 8-ஆம் அத்தியாயத்தில் எங்கே வருகிறது என்று பார்ப்பது நல்லது. அது வழக்காடு மன்றத்தைப் பற்றிய பகுதி; பொய்ச்சாட்சியால் நீதி சாய்வதைப் பார்த்திருக்கும் அவையோர்க்கு விடும் எச்சரிக்கை. அதிகாரம் உடையோர் தர்மத்தைக் காத்தால் எல்லாரும் காக்கப்படுவர், அவர்கள் அதைக் கொன்றால் அது அவர்களையும் கொல்லும் என்பதே அதன் பொருள்.

அவ்வாறே, தெய்வப்படைகளைச் சூழ்ந்து நிற்கும் தர்மமும் முதலில் காப்பது படைக்கு முன்னே நிற்கும் எளியவனையே. மாயத்தில் மறைந்து போரிடும் இந்திரசித்தின்மேல் சினந்து, அரக்கர் குலம் முழுவதையும் பிரம்மாஸ்திரத்தால் அழிக்கிறேன் என்று இலக்குவன் எழும்போது, ஒருவனுக்காக எல்லாரையும் கொல்லலாகாது என்று இராமன் தடுக்கிறான். போரிடாதவன், ஒளிந்தவன், கைகூப்பியவன், அடைக்கலம் புகுந்தவன், ஓடுகிறவன் என்று கொல்லத் தகாதவரை எண்ணிக் காட்டுகிறான். தேவருலகிலிருந்து திரும்பிய அர்ச்சுனன் தமையன் கேட்டதற்காகத் தன் படைகளை வெறுமனே காட்டத் தொடங்கியபோதே நிலம் நடுங்க, இலக்கின்றி இவற்றை எழுப்பாதே என்று நாரதர் வந்து நிறுத்துகிறார். அஸ்திரம் அறியாத சாதாரணப் படைவீரர்களைப் பிரம்மாஸ்திரத்தால் எரித்த துரோணரிடம், முனிவர்கள் களத்துக்கே இறங்கிவந்து, செய்தது நன்றன்று, ஆயுதத்தைக் கீழே வை என்று சொல்கிறார்கள். இரு காப்பியங்களிலும் தெய்வப்படை எழும் இடங்கள் பலவற்றில் யாரோ ஒருவர் நடுவே வந்து நிற்பதும், நிற்பவர் பெரும்பாலும் ஆயுதமற்றவராக இருப்பதும் கவனிக்கத் தக்கவை. முன்பு வசிட்டரின் தவக்கோல் ஒன்று விசுவாமித்திரரின் படைகள் அனைத்தையும், கடைசியாகப் பிரம்மாஸ்திரத்தையும், விழுங்கி நின்றதும் இதே பாடத்தைத்தான் சொல்லியது.

தர்மம் தானே படையாகும் இடங்களும் உண்டு. அங்கும் அதன் வடிவம் சொல்லேயாகும். சத்தியக்கிரியை என்பது, தான் வழுவாது காத்த ஓர் உண்மையை முன்வைத்து, அது மெய்யானால் இது நிகழ்க என்று ஆணையிடும் மரபு. இந்திரசித்தைக் கொல்லும் அம்பைத் தொடுக்கும்போது இலக்குவன் தன் வீரத்தைச் சொல்வதில்லை. இராமன் அறத்தில் நிற்பவனும் வாய்மை தவறாதவனும் என்பது உண்மையானால் இது அவனைக் கொல்க என்கிறான். கம்பனும் இந்த இடத்தை விடாமல், இராமனை அறத்தின் மூர்த்தியாக முன்னிறுத்தியே அந்த அம்பைச் செலுத்துகிறான். காட்டுக்குப் புறப்படும் மகனை வாழ்த்திய கோசலை, நீ காத்துவரும் தர்மமே உன்னைக் காக்கட்டும் என்று சொன்னதன் பொருள், அவனுக்குக் கிடைத்திருந்த படைகளின் கணக்கில் இல்லை. அவன் தன்மேல் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டில் இருந்தது.

அணுகுண்டு வாசிப்பின் உண்மையான இழப்பு இங்கேதான் தெரிகிறது. அது காப்பியத்திலிருந்து ஏவுதலை மட்டும் எடுத்துக்கொண்டு மீட்டலை விட்டுவிடுகிறது; வெளிச்சத்தையும் வெப்பத்தையும் எண்ணி மகிழ்ந்து, நடுவே வந்து நின்ற முனிவர்களைப் பாராமல் போகிறது. முன்னோரிடம் பேரழிவுக் கருவி இருந்தது என்று பெருமை கொள்பவர், துவாரகையில் சக்கரத்தைத் தூக்க முயன்று களைத்தவனின் பக்கத்தில் தம்மையறியாமல் போய் நிற்கிறார்.

கருவின்மேல் திருப்பப்பட்ட அந்தப் படையின் முடிவை அசுவமேத பர்வம் சொல்கிறது. அபிமன்யுவின் மனைவி உத்தரை பெற்ற குழந்தை உயிரின்றிப் பிறக்க, கண்ணன் சக்கரத்தை நினைப்பதில்லை, எதிர்ப்படை எதையும் ஏவுவதில்லை. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை, போரில் புறங்காட்டியதில்லை, வாய்மையும் தர்மமும் தன்னிடம் நிலைபெற்றுள்ளன என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை மெய்யானால் இந்தப் பிள்ளை பிழைக்கட்டும் என்கிறான். குழந்தை மெல்ல அசைகிறது. அசுவத்தாமனால் மீட்க முடியாதுபோன பிரம்மாஸ்திரம் அப்போது கண்ணனால் மீட்கப்பட்டது என்றும், எரிந்தபடியே அது பிரமனிடம் திரும்பிச் சென்றது என்றும் காப்பியம் குறிக்கிறது. ஒரு சிசு மூச்சுவிட்டதற்கு வியாச பாரதம் தேர்ந்துகொண்ட பெயர் மீட்டல் என்பதே.